மணியின் நாக்கும் அம்மாவின் குதிகாலும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் குடிதண்ணீருக்கு ஒரே ஒரு பித்தளைச் சொம்பு. ஐந்து பேர் குடிக்கிறோம். யார் உதடும் அதில் படக் கூடாது. அண்ணாந்து தொண்டைக்குள் நேராக ஊற்றிக்கொள்ள வேண்டும். தவறிப் பட்டுவிட்டால் அம்மா புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்து, அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். என் மனைவி கல்யாணமாகி வந்த இரண்டாம் நாள், புரையேறிவிடுமோ என்ற பயத்தில் வாய் வைத்துக் குடித்துவிட்டாள். பதினெட்டு வருஷமாகிறது. வீட்டில் என்ன மனஸ்தாபம் வந்தாலும் அம்மாவின் பேச்சு சுற்றிச் சுற்றி அந்தச் சொம்பில் போய்த்தான் நிற்கும். நாங்கள் நகரிக்காரர்கள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கோபத்தில் இரண்டும். எச்சில் என்ற சொல் அம்மாவுக்குப் பத்தாது. நிஜமாகவே குமட்டும்போது "எங்கிலி" என்பாள்.

அதே அம்மா சாயங்காலம் தறிச்சத்தம் ஓய்ந்ததும் திண்ணையில் காலை நீட்டி உட்காருவாள். மணி வரும். மணி எங்கள் நாய். எங்கள் நாய் என்றால், ஒரு மழைநாளில் தானாக வந்து தறிக்கொட்டகையில் படுத்து, அப்புறம் போகவே இல்லை. அம்மாவின் குதிகாலில் பித்தவெடிப்பு உண்டு. ஆழமான வெடிப்பு, கோடைக்காலத்து ஏரிக்கரை மண் மாதிரி. மணி அதை நக்கும். நிதானமாக, ஒவ்வொரு கோடாக. அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். "குளுகுளுன்னு இருக்குது நைனா" என்பாள். நான் ஏதாவது சொன்னால், "நாய் வாய்ல மருந்து இருக்குது" என்று முடித்துவிடுவாள்.

இந்த மருந்துக் கதை என் மாமாவிடமிருந்து வந்தது. அம்மாவின் தம்பி. நூல் வியாபாரம், ஊர் நியாயம், வைத்தியம் எல்லாவற்றிலும் கருத்து உள்ளவர். "மனுசன் வாயைவிட நாய் வாய் சுத்தம். அது அடிபட்டா நக்கியே ஆத்திக்குது, நீ நக்கி ஆத்திக்குவியா?" என்று கேட்பார். இந்த வாக்கியத்தை நீங்களும் எங்கேயாவது டீக்கடையில் கேட்டிருப்பீர்கள். இதில் விசேஷம் என்னவென்றால், மாமாவைச் சின்ன வயதில் தெருநாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டிருக்கிறார்கள். அந்தக் கதையையும் அவரே சொல்வார். அதே பெருமையோடு.

ஆஸ்பத்திரியில் ஒரு பொய்

போன வருஷம் புரட்டாசியில் அம்மாவின் வலது குதிகால் வீங்கியது. இரண்டு நாள் மஞ்சள் பத்துப் போட்டு மறைத்திருக்கிறாள். மூன்றாம் நாள் ஜுரம். திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை 320. டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். காலைத் தூக்கித் தன் முழங்கால்மேலேயே வைத்துக்கொண்டு பார்த்தார். அம்மாவுக்கு அதுவே பெரிய கூச்சம். பிறகு புடவை ஓரத்தை விரலால் தட்டினார். குட்டைக் குட்டையாகப் பழுப்பு ரோமம்.

"குக்க ஏமன்னா நாக்கிந்தா அம்மா?" நாய் எதாவது நக்கியதா என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "லேதம்மா. மா இண்ட்லோ குக்கே லேது."

எங்கள் வீட்டில் நாயே இல்லை என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எழுபத்தோரு வயதுப் பெண்மணி, சொம்பில் உதடு பட்டால் ஊரைக் கூட்டுகிறவள், தன் வயதில் பாதிகூட இல்லாத ஒரு டாக்டரிடம் பச்சைப் பொய் சொல்லிவிட்டு, காட்டிக்கொடுத்துவிடாதே என்று கண்ணால் கெஞ்சுகிறாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அம்மாவின் பொய்யைவிட என் மௌனம்.

ஏன் பொய் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் எல்லைப் பக்கத்தில் வேண்டாத நாயை ஒழித்துக்கட்ட ஒரு வழி உண்டு. கோணியில் கட்டி, டெம்போவில் ஏற்றி, செக்போஸ்ட் தாண்டித் திருத்தணிப் பக்கம் விட்டுவிடுவார்கள். அங்கிருப்பவர்கள் அவர்கள் நாயை இந்தப் பக்கம் விடுவார்கள். இரண்டு மாநில நாய்களும் இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கும். நாயால் காயம் என்று தெரிந்தால் மணியையும் ஒரு கோணி விழுங்கிவிடும் என்று அம்மா பயந்திருக்கிறாள்.

மருந்துக்கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர். முதல் ஆள் சில்லறைக்குத் தகராறு செய்துகொண்டிருந்தார். அந்த நாலு பேரும் போய் என் முறை வந்தபோது சீட்டை நீட்டாமல் திரும்பி நடந்தேன். டாக்டர் அறைக்குள் போய், "நாய் இருக்கிறது, தினமும் நக்குகிறது, வெடிப்பிலேயே நக்குகிறது" என்றேன். டாக்டர் கோபப்படவில்லை. ஊசி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். நான் அம்மாவுக்கென்று நினைத்து விழித்தேன். நாய்க்கு, என்றார். போடவில்லை.

அங்கேதான் ஒரு விஷயம் தெரிந்தது. வெறிநாய்க்கடி விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் காயங்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. கிழியாத தோலை நாய் நக்கினால் முதல் வகை. கழுவினால் போதும், ஊசி தேவையில்லை. ரத்தம் வராத சின்னக் கீறல் இரண்டாவது. தோலைத் துளைத்த கடி மூன்றாவது. கிழிந்த தோலை நக்குவதும் அந்த மூன்றாவதில்தான் வருகிறது. கடியும் நக்கும் ஒரே தட்டில். நாய்க்கடி என்றால் பல் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விஷயம் பல்லில் இல்லை, எச்சிலில். பல் அதற்கு வழி திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். அம்மாவின் குதிகாலில் வழி ஏற்கெனவே திறந்தே கிடந்தது.

வெறிநோயைத் தருவது பாக்டீரியா இல்லை, வைரஸ். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று என் மகள் எனக்குப் பாடம் எடுத்தாள். ஆனால் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வித்தியாசம் உறைக்காது. வெடிப்பைச் சுற்றி ஒரு ஊசி, தோளில் ஒரு ஊசி. குதிகாலில் போட்டபோது அம்மா போட்ட சத்தம் வராந்தா வரை கேட்டது. அது வலியில் போட்ட சத்தம் மட்டுமில்லை. அடுத்த இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

பதினாலு ஊசியும் பத்து நாளும்

மாமா வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கருத்தையும் கொண்டுவந்தார். "எங்க காலத்துல பதினாலு. இப்ப தோள்ல ஏதோ கொசு கடிச்ச மாதிரி போடறான், அதுக்கு இந்த அலறல்." அவர் சொன்னது சரிதான். அந்தப் பழைய மருந்து ஆட்டு மூளையிலிருந்து செய்தது. கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற வெள்ளைக்கார டாக்டர் கண்டுபிடித்தது. நம் பக்கத்தில் 1907ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் வெறிநாய்க்கடி மருந்துக்கென்றே பேர்போனது. வயிற்றில் நாள் ஒன்றுக்கு ஒன்றாகக் குத்திய அந்த ஊசியை 2004 வாக்கில்தான் இந்தியா கைவிட்டது. இப்போது நாலைந்து தவணையோடு முடிந்துவிடுகிறது. இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றுக்குக் காசே கிடையாது. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில், கால் மணி நேரம் காயத்தைக் கழுவ வேண்டும். கால் மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று குழாயடியில் கடிகாரம் வைத்துக்கொண்டு நின்றால் தெரியும்.

மணியைக் கட்டிப் போடச் சொன்னார்கள். பத்து நாள். எச்சிலில் வைரஸ் வருகிற கட்டத்தை எட்டிய நாய் அதற்குள் நோயில் விழுந்துவிடும். பத்தாம் நாளும் கஞ்சி குடித்து வாலாட்டினால் நக்கிய அன்று அதன் எச்சிலில் ஒன்றும் இல்லை என்று பொருள். என் மனைவி தறிக்கொட்டகைத் தூணில் கட்டினாள். கோயில் காலண்டரில் என் மகள் தினமும் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

இரண்டாம் நாள் ராத்திரி வார்டில் அம்மா வாயைத் திறந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். "காளாஸ்திரியில கண்ணப்பன் வாய்ல தண்ணி கொண்டாந்து ஊத்தினானே, சாமிக்கு என்ன ஆச்சு?" என்றாள் இருட்டில்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வருஷம் தவறாமல் காளஹஸ்தி போகிறவள். பொன்முகலி ஆற்றுத் தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டு மலையேறி வந்து லிங்கத்தின் மேல் உமிழ்ந்த வேடன். இறைச்சியை மென்று ருசி பார்த்து, நல்ல துண்டை மட்டும் தேக்கிலையில் எடுத்துவைத்தவன். பதறிப்போய்க் கழுவிக் கழுவிச் சுத்தம் செய்த சிவகோசரியாரின் கனவில் வந்து, அவன் வாய்நீர் கங்கையைவிட உயர்ந்தது என்று சாமியே சொல்கிறார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அம்மாவுக்குக் குரல் உடையும். சொல்லி முடித்துவிட்டு அண்ணாந்து தண்ணீர் குடிப்பாள். எச்சில் என்பது அழுக்கின் கணக்கு இல்லை, உறவின் கணக்கு. தன்னுடையவர்களின் எச்சில் எச்சிலே இல்லை. மணி தன்னுடையது. மருமகள், பதினெட்டு வருஷம் ஆகியும், இன்னும் முழுசாகத் தன்னுடையவள் ஆகவில்லை. இதை நான் அன்று ராத்திரிதான் புரிந்துகொண்டேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

யார் வாய் சுத்தம்?

மூன்றாம் நாள் சீழைப் பரிசோதித்த முடிவு வந்தது. நாயின் வாயில் இருக்கும் எதுவும் அதில் இல்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று எழுதியிருந்தது. மூன்று பேரில் ஒருவர் மூக்குக்குள் சும்மா குடியிருக்கிற கிருமி, தோலிலும் இருக்கும், வெடிப்புக் கிடைத்தால் உள்ளே போகும் என்றார் டாக்டர். ஆக, அம்மாவுக்குக் காய்ச்சல் கொடுத்தது பெரும்பாலும் அம்மாவேதான். மாமாவுக்கு இது போதும். "பாத்தியா, நான் அன்னைக்கே சொல்லல?" என்று நகரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

மாமாவின் வெற்றி எனக்கு ஜீரணமாகவில்லை. அன்று முதல் ஒரு மாதம் நான் இதே வேலையாக இருந்தேன், நூல் கணக்கு எழுதுகிற நேரத்தில்கூட. கிடைத்ததைச் சொல்கிறேன். 2012ல் அமெரிக்காவில் நாய்களின் வாயை மட்டும் ஆராய்ந்து 353 வகை பாக்டீரியாக்களைக் கணக்கெடுத்தார்கள். மனித வாயில் இதுவரை கண்டவை எழுநூறுக்கு மேல். ஒவ்வொரு ஆளிடமும் அதில் ஒரு பங்குதான் இருக்கும். நாயின் 353ல் மனிதனோடு பொதுவாக இருப்பவை நூற்றுக்குப் பதினாறுதான். அதாவது சுத்தம், அழுக்கு என்ற பேச்சே இங்கே பொருந்தாது. அது வேறு ஊர். வேறு பாஷை பேசுகிற ஜனம்.

நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நாய்க்குப் பற்சொத்தை அபூர்வம். அதே காரணத்தால் பல்லில் காறை சீக்கிரம் கட்டிக்கொள்ளும், ஈறு சீழ் பிடிக்கும். வயதான நாய் வாயைத் திறந்து கொட்டாவி விட்டால் தெரியும். நமக்கு ஈறு நோய் தருகிற ஒரு பாக்டீரியாவுக்கு நாய் வாயில் நெருங்கிய பங்காளி ஒன்று இருக்கிறது. நம்முடையது போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ், அதனுடையது போர்ஃபிரோமோனாஸ் குலே. சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைகள். வேறு வேறு வீட்டில் ஒரே தொழில்.

மாமாவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1990ல் கலிஃபோர்னியாவில் நாய் எச்சிலைச் சோதித்தவர்கள், அது சில கிருமிகளைக் கொல்கிறது என்று கண்டிருக்கிறார்கள். இ கோலி சாகிறது. நாய்களைத் தாக்கும் ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாகிறது. தாய் நாய் குட்டியை நக்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் அதற்கு அவ்வளவாக மசியவில்லை. அம்மாவின் காலில் இருந்ததும் அந்தக் குடும்பம்தான். மருந்து இருந்தது, ஆனால் இந்த நோய்க்கு இல்லை. அது மட்டுமில்லாமல் 1976ல் முதல்முதலாக மருத்துவர்கள் பதிவு செய்த ஒரு கிருமி உண்டு. பிற்பாடு அதற்குக் கேப்னோசைட்டோஃபேகா கேனிமார்சஸ் என்று பெயர் வைத்தார்கள். கேனிமார்சஸ் என்றால் நாய்க்கடி. நல்ல ஆரோக்கியமான நாயின் வாயில், பூனையின் வாயிலும், ஒரு தொந்தரவும் செய்யாமல் இருக்கும். மண்ணீரலை எடுத்துவிட்டவர்கள், அளவில்லாமல் குடிப்பவர்கள், எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்கள் ரத்தத்தில் கலந்துவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். மிக அபூர்வம்தான். மாமாவிடம் இதைச் சொன்னேன். "குடிக்கிறவன்னா எவ்வளவு குடிக்கணும்?" என்று கேட்டார்.

பூனையைப் பற்றி ஒரு வார்த்தை. நாய்க்கடியைவிடப் பூனைக்கடி அதிகமாகச் சீழ் பிடிக்கும். பல் ஊசி மாதிரி. உள்ளே போய்க் கிருமியை வைத்துவிட்டு வரும், மேலே தோல் மூடிக்கொள்ளும். கழுவினாலும் தண்ணீர் அந்த ஆழத்துக்குப் போகாது. மனுசக் கடியும் லேசுப்பட்டதில்லை. சண்டையில் எதிராளி பல்லில் குத்தி முட்டி கிழிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்பார்கள். நம் வாயில் இருக்கிற ஐக்கெனெல்லா என்ற ஒன்று அந்த மூட்டுக்குள் போய் வேலையைக் காட்டும். தறிக்காரர்கள் சம்பள நாள் சண்டையில் இப்படி ஒரு முட்டி வீங்கி, விரலே மடக்க வராமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். குத்தினவனுக்குத்தான் நஷ்டம்.

இந்த அழுக்கு வாய்க் கதையில் விஞ்ஞானிகளும் ஏமாந்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஓர் ஆறுதல். இந்தோனேசியாவில் கொமோடோ என்கிற ராட்சத உடும்பு, அழுகல் மாமிசம் தின்று தின்று வாயெல்லாம் விஷக் கிருமி, ஒரு கடி கடித்துவிட்டு எருமை சீழ் பிடித்துச் சாகும்வரை பின்னாலேயே போகும் என்று வெகுகாலம் பாடப்புத்தகம் மாதிரி சொன்னார்கள். 2009ல் அதன் தாடையில் விஷச் சுரப்பி இருப்பதைக் காட்டினார்கள். 2013ல் மிருகக்காட்சிசாலை கொமோடோக்களின் வாயைத் துடைத்துப் பார்த்தால், மற்ற மாமிசபட்சிணிகளின் வாயில் இருக்கிற சாதாரணச் சரக்குதான். தின்று முடித்ததும் வெகுநேரம் உதட்டை நக்கி, இலைதழையில் முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்துகொள்ளுமாம். அம்மா கேட்டால் அதைச் சொம்புக்குக் காவல் போட்டுவிடுவாள்.

அப்பாவின் கண்ணாடி

ஆஸ்பத்திரியிலிருந்து விடுவதற்கு முன்னால் அந்த டாக்டர் அம்மாவை வாயைத் திறக்கச் சொன்னார். காலுக்கு வந்தவளை ஏன் வாயைத் திறக்கச் சொல்கிறாய் என்பதுபோல் அம்மா பார்த்தாள். இருபது வருஷமாக வெற்றிலை. காலையில் வேப்பங்குச்சி, ஆலும் வேலும் பல்லுக்குறுதி. யாருடைய எச்சிலும் அந்த வாய்க்குள் போனதே இல்லை. டாக்டர் டார்ச் அடித்து ஈறை லேசாக அழுத்தினார். ரத்தமும் வெள்ளையாக ஏதோவும் வந்தது. "சர்க்கரை இறங்காததற்கு இதுவும் ஒரு காரணம்" என்றார். ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஒன்றுக்கொன்று கைகொடுத்துக்கொள்ளும். எழுபது வருஷம் ஊரார் எச்சிலுக்குக் கதவடைத்தவளின் சொந்த வாய்க்குள் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. அம்மா சொம்பைத் தொட்டவர்களை எல்லாம் நினைத்துக்கொண்டாளோ என்னவோ, வண்டியில் வரும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டே வந்தாள்.

எங்கள் அப்பா நெசவுக்காரர். அவருடைய இழை எண்ணும் கண்ணாடி இன்னும் அலமாரியில் இருக்கிறது. மூன்றாக மடிகிற பித்தளைச் சட்டம், கீழே ஓர் அங்குலச் சதுரம், மேலே வில்லை. துணிமேல் வைத்து, ஊசிமுனையால் பாவு இழை எத்தனை, ஊடை இழை எத்தனை என்று எண்ணுவார். வியாபாரி ஏமாற்றினால் அதில் தெரிந்துவிடும். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் ஊரில் லூவன்ஹுக் என்று ஒருவர் இருந்தாரே, அவரும் துணி வியாபாரிதான், துணியைப் பார்க்கும் வில்லையில்தான் ஆரம்பித்தார் என்று படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. தானே வில்லை தேய்த்து, இருநூறு மடங்குக்குமேல் பெருக்கிப் பார்க்கிற கருவி செய்தார். 1683 செப்டம்பர் 17ஆம் தேதி லண்டனில் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தினமும் உப்புப் போட்டுப் பல் தேய்ப்பவன், துணியால் துடைப்பவன், என் வயதில் இவ்வளவு சுத்தமான பல் யாருக்கும் கிடையாது என்று முதலில் தன் பெருமை. ஆனாலும் பல்லிடுக்கில் மாவு மாதிரி ஏதோ வெள்ளையாக ஒட்டியிருக்கிறதே என்று அதைச் சுரண்டி, மழைத் தண்ணீரில் கலந்து பார்த்திருக்கிறார். உள்ளே கூட்டம் கூட்டமாக ஜீவன்கள், அழகாக நீந்திக்கொண்டு. இந்த நாட்டில் இருக்கிற மொத்த ஜனத்தைவிட என் வாயில் இருப்பவை அதிகம் என்று எழுதினார். பாக்டீரியாவை மனிதன் முதல்முதலில் படம் போட்டுக் காட்டியது இந்தக் கடிதத்தில்தான், அதுவும் தன் சொந்தப் பல்லழுக்கிலிருந்து. பிறகு ஜென்மத்தில் பல்லே தேய்க்காத ஒரு கிழவரைப் பிடித்து அவர் வாயையும் பார்த்தார், அது வேறு விஷயம். ஆனால் முதலில் தன் வாய்.

நானும் அப்பாவின் கண்ணாடியில் பார்த்தேன். பல்லிடுக்கில் சுரண்டியது, கொஞ்சம் பழுப்பு வெள்ளை. ஒன்றும் தெரியவில்லை. அது இழைக்குத்தான் ஆகும். என் மகள்தான் சயன்ஸ் சாரிடம் கேட்டு, சனிக்கிழமை மத்தியானம் அவள் பள்ளிக்கூட லேபுக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி தண்ணீர், பல்குச்சி முனையளவு அழுக்கு, மேலே மெல்லிய மூடி. நானூறு மடங்கு. முதலில் வெறும் மங்கல், மிதக்கிற குப்பை. திருகைத் திருகத் திருக அந்தக் குப்பைகளுக்கு நடுவில் ஒன்று அசைந்தது. அப்புறம் பத்து. அப்புறம் எண்ண முடியவில்லை. தலைமுடித் துணுக்கு மாதிரி ஒன்று பாம்பாக நெளிந்து ஓரத்துக்குப் போனது. குட்டைக் குச்சிகள் இருந்த இடத்திலேயே துடித்தன. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாக்கு தானாகப் பல்லைத் துழாவியது. மகள், "எங்க, எனக்குக் காட்டு, எனக்குக் காட்டு" என்று தோளை இடித்தாள். பார்த்துவிட்டு, "அய்ய, இத்தன பேரா?" என்றாள். மணியோடதையும் பார்க்கலாமா என்று கேட்டாள். மணிக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்தது.

அவளுக்கே பால்பல்லில் ஏழு சொத்தை இருந்தது. அதற்கு என் மனைவி ரொம்ப நாள் மிட்டாயைத்தான் குறை சொன்னாள். சொத்தைக்கு வேலை செய்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பிறக்கும்போது குழந்தை வாயில் இருப்பதில்லை. பல் முளைத்த பிறகு, பெரும்பாலும் ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுக்குள், ஊட்டுகிறவர்களின் எச்சிலிலிருந்துதான் போய்ச் சேருகிறது. எங்கள் வீட்டில் முறுக்கைக் கடித்துப் பொடித்துப் பேத்திக்கு ஊட்டியது யார் என்று கேட்காதீர்கள். சரி, இதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2013ல் ஸ்வீடனில், குழந்தையின் ரப்பர் சூப்பானைத் தங்கள் வாயில் போட்டுச் சப்பிச் சுத்தம் செய்து கொடுக்கிற பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஒவ்வாமை, கரப்பான் எல்லாம் குறைவாக இருக்கிறது என்று கண்டார்கள். பாட்டி எச்சில் பல்லைக் கெடுத்ததா, தோலைக் காத்ததா? இரண்டும்தான் போல.

பல் டாக்டர் அம்மாவுக்கு இரண்டு பல்லைப் பிடுங்கி, காறையைச் சுரண்டி, கொப்பளிக்க ஒரு மருந்து கொடுத்தார். இரண்டு வாரம்தான், அதற்குமேல் வேண்டாம் என்றார். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எல்லாம் செத்துவிடும் என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதி. நான்தான் பிடுங்கி வைத்தேன். நாக்கின் பின்பக்கம் இருக்கிற சில பாக்டீரியாக்கள் இல்லாமல் நாம் தின்கிற கீரை முழுப்பலன் தராது. கீரையில் இருக்கிற நைட்ரேட்டை அவைதான் நைட்ரைட்டாக மாற்றிக் கொடுக்கின்றன. அதை விழுங்கி உடம்பு நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்கிறது, ரத்தக்குழாய் தளர்கிறது. ஆரோக்கியமான சிலருக்கு ஒரு வாரம் இதே மாதிரிக் கொப்பளிப்பு மருந்து கொடுத்துப் பார்த்ததில் ரத்த அழுத்தம் லேசாக ஏறியிருக்கிறது. அம்மாவுக்கு ஏற்கெனவே பிரஷர் மாத்திரை. "உன் நாக்குல உனக்கு வேலை செய்யறவங்க இருக்காங்கம்மா" என்றேன். "எத்தினி பேரு?" என்றாள். கோடிக்கணக்கில் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கூலி?" என்றாள். எட்டுத் தறி நடத்தியவளின் கேள்வி.

பதினோராம் நாள் காலை மணியை அவிழ்த்துவிட்டோம். இளைத்திருந்தது, கோபம் எதுவும் இல்லை. கால்நடை ஆஸ்பத்திரியில் அதற்கும் ஊசி போட்டு அட்டை வாங்கி வந்தாயிற்று. அட்டையில் பெயர் மணி, உரிமையாளர் இடத்தில் அம்மா பெயர். நேராகத் திண்ணைக்கு ஓடியது. அம்மா கட்டுப் போட்ட காலைச் சட்டென்று புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். மணி இங்கும் அங்கும் மோந்து பார்த்தது. கால் எங்கே போயிற்று என்று அதற்குப் புரியவில்லை. அம்மா தெருவை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள், வெடிப்பில்லாத வலது கையை. அது நக்கி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. அப்புறம் எழுந்து, நொண்டிக்கொண்டே குழாயடிக்குப் போனாள். தண்ணீர் சத்தம் நின்றபாடில்லை. கால் மணி நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது, சோப்பு தீர்ந்துவிட்டதாம், யாராவது கடைக்குப் போகவேண்டுமாம்.